ஏழாம் கேள்விக்கு நேரே

வால்டிவியாவில் ஜூன் மாதம்
மழை நின்றால்தான் செய்தி.
அறை முந்நூற்றிரண்டில்
இருபத்து மூன்று ஈரக் கோட்டுகள்,
ஒரு வெப்பமூட்டி,
நான்.

பாடம் நடத்தப் போவதில்லை.
அது நேற்றே நடந்துவிட்டது
அவரவர் கைபேசியில், பதினெட்டு நிமிடம்.
என் சமையலறையில் எடுத்த பதிவு;
குழாய் சொட்டுவது கேட்கும்.
பாய்ம இயக்கவியலுக்கு
இதைவிடப் பொருத்தமான பக்கவாத்தியம் ஏது
என்று விட்டுவிட்டேன்.

யார் எங்கே நிறுத்தினார் என்று
கணினி கோடு போட்டுக் காட்டும்.
ஒன்பதாம் நிமிடத்தில் ஒரு பள்ளம்.
வாரம் தவறாமல் அதே இடத்தில்.
அந்தச் சமன்பாட்டை மூன்று முறை மாற்றி எடுத்தேன்.
முதலில் மெதுவாகச் சொல்லி.
பிறகு படம் வரைந்து.
கடைசியில் ஒரு தேன் போத்தலைக்
கவிழ்த்தே காட்டி.
பள்ளம் அசைந்து கொடுக்கவில்லை.

"நீபிளா போகும் ஆறேமுக்கால் பஸ், புரோஃபே,"
என்றான் எலிசியோ கத்ரிலெஃப்,
கையைக்கூடத் தூக்காமல்.
"ஏறி உட்கார்ந்ததும் உங்களைப் போடுவோம்.
ஒன்பது நிமிடத்தில் குன்று வந்துவிடும்.
அங்கே சிக்னல் கிடையாது."

மூன்று வார இரவுகளை
ஒரு குன்றோடு சண்டை போட்டுத்
தோற்றிருக்கிறேன்.

சரி, இனி ஒளிவுமறைவே வேண்டாம்
என்றுதான் இந்த ஆண்டு பலகையில்
மூன்று கட்டம் போட்டேன்:
என்ன செய்ய வேண்டும்.
எதைப் பார்த்து மதிப்பெண்.
ஏன்.
ஏன் என்பதற்கு மட்டும் அகலமான கட்டம்,
அகலம் கொடுத்தால் தானே நிரம்பிவிடும் என்பதுபோல.

முதல் ஆறு கேள்விகளுக்கு நிரம்பத்தான் செய்தது.
அணையின் மதகு அழுத்தம் தாங்க.
குழாய் எங்கே வெடிக்கும் என்று
வெடிக்கும் முன் சொல்ல.
ஐந்தாவதற்கு வெட்கமில்லாமல் எழுதினேன்:
ஆறாவதைப் போடக் கை பழக.

"ஏழாவது எதற்கு?"

வெப்பமூட்டியின் மேல் காலுறையைக் காயவைத்துக்கொண்டு
ரேயன் யாங்கபான் கேட்டாள்.
மார்ச்சிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி.

சாய்ந்த குழாய், அதற்குள் எண்ணெய்,
எண்ணெய்க்குள் இறங்கும் ஒரு ஈயக் குண்டு.
பதினோரு ஆண்டாக நான் கேட்கிறேன்.
எனக்கு முன் க்ரெட்ஷ்மர் கேட்டார்;
மேசை இழுப்பறையில்
தாளை விட்டுவிட்டு ஓய்வு பெற்றார்.
அவர் மாணவியாய் நான் தவறவிட்டதும்
இதே குண்டைத்தான்.

சுண்ணக்கட்டிக்குச் சில பொய்கள் மனப்பாடம்:
சிந்தனையைக் கூராக்க,
அடிப்படையை வலுவாக்க.
கையை விட்டால் அதுவே எழுதிவிடும்.

விடவில்லை.
தெரியவில்லை என்று எழுதினேன்.
ஏழாம் கேள்விக்கு நேரே,
மற்றவற்றின் அதே அளவு எழுத்தில்.

கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது.
பிறகு எலிசியோ, நடுக்கட்டத்தைக் காட்டி:
"முழுமையான விளக்கத்துக்கு ஐந்து மதிப்பெண்
என்று போட்டிருக்கிறது, புரோஃபே.
உங்களுக்கு எத்தனை?"

அறை சிரித்தது. நானும்தான்.
காது மட்டும் சுட்டது.

சிரிப்பு அடங்குவதற்குள்
ரேயன் வெறுங்காலோடு எழுந்து வந்து
மேசையிலிருந்த தேன் போத்தலைத்
தடிப் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்தாள்.
கூந்தலில் இருந்த இரும்பு கிளிப்பைக் கழற்றி
உள்ளே போட்டாள்.

குளிரில் தேன் இறுகியிருந்தது.
கிளிப் இறங்கியது,
இறங்குகிறதா என்று சந்தேகம் வரும்படி.
கண்ணாடிச் சுவரை ஒட்டி உராயுமா,
விலகி நடுவே போகுமா?
எட்டுத் தலைகள், பிறகு பதினைந்து.
யாரோ பந்தயம் கட்டினார்கள்.
கடிகாரம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்.

ஆறரைக்கு எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.
காலுறை ஒன்று வெப்பமூட்டியிலேயே கிடந்தது.
போத்தலைச் சாய்வு மாறாமல்
மார்போடு அணைத்துக்கொண்டு
பாலத்தைக் கடந்தேன், குடையை விரிக்க முடியாமல்.

விளக்குக் கம்பத்தடியில் நின்று பார்த்தேன்.
பாதி தூரம்.